வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்

1 ஜூலை 2024, திங்கள்

சென்னை தம்புச் செட்டித் தெருவில் இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை, பத்துப் பேர், எட்டு கம்ப்யூட்டர். நான் கணக்குப் பார்ப்பவன்தான், ஆனால் பிரின்டர் நின்றாலும் நெட் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் இன்று காலை முதலாளி என்னைக் கேபினுக்குள் கூப்பிட்டு ஒரு சாஃப்ட்வேரைக் காட்டி, "எல்லா மெஷின்லயும் போட்டுடுப்பா, யார்கிட்டயும் சொல்ல வேணாம்" என்றார். யார் எந்த சைட்டைப் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம், கீபோர்டில் என்ன அடிக்கிறார்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட், எல்லாம் சேர்த்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ரிப்போர்ட்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. போன மாதம் ஒரு பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்காகக் கஸ்டம்ஸில் கொடுக்கும் பத்திரம், மூன்று நாள் தாமதமாகப் போனது. கப்பல் வருவதற்கு முந்தின நாள் முடிவதற்குள் ஃபைல் பண்ணியிருக்க வேண்டும், தவறினால் முதல் மூன்று நாளைக்குத் தினம் 5,000 ரூபாய், அதற்கு மேல் தினம் 10,000. பார்ட்டியிடம் கேட்க முடியாமல் 15,000 ரூபாயைக் கைக்காசில் கட்டினார். அந்த வேலையைப் பார்க்க வேண்டிய பையன் அன்றைக்கு உலகக்கோப்பை மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் எட்டு மெஷினிலும் போட்டேன், என்னுடையதையும் சேர்த்து.

5 ஜூலை, வெள்ளி

முதல் ரிப்போர்ட் வந்தது. முதலாளிக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது, "நீயே பார்த்து முக்கியமானதைச் சொல்லு" என்று விட்டுவிட்டார்.

ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் தபால்தலை அளவில் வரிசையாகப் படங்கள், மேலே பச்சையும் சிவப்புமாக ஒரு கோடு. பச்சை என்றால் வேலை நேரம். சிவப்பு என்றால் "பயனற்ற நேரம்", அப்படித்தான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். படத்தைத் தொட்டால் திரை முழுக்க விரிகிறது. ஒருவருடைய வாட்ஸ்அப் வெப்பில் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து, ஃபீஸ் பாக்கி, திங்கட்கிழமைக்குள் கட்டவும். இன்னொருவரின் பேங்க் பக்கம், இருப்பு 412 ரூபாய். அவர் தினமும் மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், இரண்டு நாளாக டீக்கு வர மாட்டேன் என்றதற்குக் காரணம் இதுதான் போல.

உலகக்கோப்பை போன சனிக்கிழமையே முடிந்துவிட்டதால் அந்தப் பையனுடைய கோடு முழுக்கப் பச்சை.

இன்னொன்றும் பார்த்தேன். எழுத மாட்டேன். நான்கு ஸ்கிரீன்ஷாட், 16 நிமிடம், சிவப்பு.

7 ஜூலை, ஞாயிறு

இங்கே படிக்கிற தம்பி ஒருவன் கேட்டான், "அண்ணே, இன்காக்னிட்டோல பார்த்தா தெரியாதுல்ல?" தெரியும் தம்பி. அது அந்த பிரவுசரில் ஹிஸ்டரி தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பூட்டுச் சின்னம் போட்ட சைட் என்றால் நடுவில் இருக்கும் ரவுட்டருக்குப் பொதுவாக சைட்டின் பெயர் வரைக்கும்தான் தெரியும், உள்ளே என்ன படித்தோம் என்பது தெரியாது. ஆனால் சாஃப்ட்வேர் மெஷினுக்குள்ளேயே உட்கார்ந்து திரையைப் படம் பிடிக்கும்போது எந்தப் பூட்டும் உதவாது. வாட்ஸ்அப்பின் என்கிரிப்ஷனும் அப்படித்தான், வழியில் யாரும் படிக்க முடியாதே தவிர, நம் கண்ணுக்குத் தெரிவது அந்தப் படத்திலும் தெரியும். சொந்த போனில் சொந்த டேட்டா போட்டுப் பாருங்கள், ஆபீஸ் வைஃபை வேண்டாம். ஆபீஸில் கொடுக்கும், அந்தப் பூட்டைத் திறந்து பார்க்க உதவும் சர்டிபிகேட் ஃபைலையோ ஆப்பையோ போனில் ஏற்றச் சொன்னால் என்ன, ஏது என்று கேட்காமல் ஏற்றாதீர்கள்.

இதை இங்கே எழுதுகிறேன், என் ஆபீஸ் ஆட்களிடம் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

9 ஜூலை, செவ்வாய்

மண்ணடியில் மெட்ரோ ஏறினால் தண்டையார்பேட்டை மூன்றாவது ஸ்டேஷன். ஆபீஸ் கண்காணிப்பு பற்றிய ஒரு வழக்கை அதற்குள் படித்து முடியாமல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து படித்தேன்.

ருமேனியாவில் பார்புலெஸ்கு என்று ஒருவர். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல யாஹூ மெசஞ்சர் கணக்கு ஒன்று தொடங்கச் சொன்னது அவருடைய கம்பெனி. 2007 ஜூலையில் கூப்பிட்டு, சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தினாயா என்று கேட்டார்கள், இல்லை என்று எழுதிக் கொடுத்தார். உடனே 45 பக்கம் அச்செடுத்து முன்னால் வைத்தார்கள், அண்ணன் தம்பியோடும், கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணோடும் பேசிய பேச்சு, உடம்பு விஷயம் உட்பட. வேலை போயிற்று. கம்பெனியில் சொந்த உபயோகம் கூடாது என்று விதியே இருந்தது, அதை அவர் மீறினார், அதில் சந்தேகமில்லை. இருந்தும் 2017 செப்டம்பர் 5ஆம் தேதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 11க்கு 6 என்று அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. இப்படிக் கண்காணிப்போம், இவ்வளவு தூரம் பார்ப்போம் என்று முன்கூட்டிச் சொன்னார்களா, உள்ளே இருப்பதைப் படிக்கும் அளவுக்குக் காரணம் இருந்ததா, இதையெல்லாம் உள்ளூர் கோர்ட்டுகள் சரியாகப் பார்க்கவில்லை என்றது.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான், 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் தம்புச் செட்டித் தெரு இரண்டாவது மாடிக்கு அது அப்படியே வந்து இறங்கிவிடாது. 2023 ஆகஸ்ட்டில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த 2024 ஜூலை வரை நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அதன் 7ஆம் பிரிவு, வேலை சம்பந்தமாகவும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் காக்கவும் ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள இடம் கொடுக்கிறது. நஷ்டம் என்ற சொல்லுக்குள் எதைத்தான் அடைக்க முடியாது?

12 ஜூலை, வெள்ளி

முதலாளியிடம் பேசினேன். எட்டு வருஷமாக அவரிடம் இருக்கிறேன், எதிர்த்துப் பேசினதில்லை. "சார், இதெல்லாம் நான் பார்க்கக் கூடாத விஷயம்" என்றேன். "ஆபீஸ் கம்ப்யூட்டர், ஆபீஸ் நெட், நான் சம்பளம் கொடுக்கிற நேரம்" என்றார். கப்பல் வந்தால் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இங்கேதான் கிடக்கிறோம், பதினொரு மணிக்கும் வீட்டுக்கு செக்லிஸ்ட் அனுப்புகிறீர்கள், அப்புறம் பேங்க் வேலையையும் பிள்ளை ஃபீஸையும் எப்போது பார்ப்பது என்று கேட்டேன். பதில் இல்லை, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வேறு மாதிரி சொன்னேன். "சார், கஸ்டம்ஸோட ஐஸ்கேட் சைட்ல ஃபைல் பண்ண உங்க டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனைச் செருகிப் பின் நம்பர் அடிக்கிறோமே, அதுவும் இந்த சாஃப்ட்வேர்ல பதிவாகுது. பார்ட்டிங்களோட இன்வாய்ஸ், யார் என்ன விலைக்குக் கொண்டுவர்றாங்க, எல்லாம் படமா அந்தக் கம்பெனி சர்வருக்குப் போகுது. அந்த சர்வர் எங்க இருக்குன்னு உங்களுக்கோ எனக்கோ தெரியாது."

நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தே நிமிடத்தில் கீபோர்டு பதிவையும் ஸ்கிரீன்ஷாட்டையும் நிறுத்தச் சொன்னார். அந்தப் பத்துப் பேருக்காக நிறுத்தவில்லை, அந்தப் பின் நம்பருக்காக நிறுத்தினார். எனக்கு அது வலிக்கிறது, ஆனாலும் நின்றதே.

17 ஜூலை, புதன்

ஆடி பிறந்துவிட்டது. மொகரம் லீவு. தெருமுனை அம்மன் கோயிலில் கூழுக்குப் பந்தல் போடுகிறார்கள்.

டாக்குமென்டேஷன் பார்க்கும் அக்காவுக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். சாஃப்ட்வேர் போட்டது நான்தான், பார்த்ததும் நான்தான் என்று. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "எதைப் பார்த்தே?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். வைத்துவிட்டார்.

20 ஜூலை, சனி

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், "எழுது, ஆனா எப்படி இருக்கும்னு படிக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி எழுது" என்றார். அந்த 16 நிமிடமும் அவர் தேடிக்கொண்டிருந்தது, மார்பில் கட்டி, பயாப்சி ரிசல்ட் எத்தனை நாளில் வரும். வீட்டில் மாமாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. வீட்டில் ஒரே போன், பிள்ளைகள் கையில் இருக்கும், அதனால்தான் ஆபீஸில் பார்த்தார்.

முதலாளி ஒரு பக்கத்துக்கு நோட்டீஸ் அடிக்கச் சம்மதித்தார். எந்த சைட், எவ்வளவு நேரம், இதை மட்டும் பார்ப்போம், மேட்ச், வீடியோ சைட்டுகள் பிளாக் செய்யப்படும், மத்தியானம் அரை மணி நேரம் எதுவும் பதிவாகாது. வாட்டர் கேன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், எல்லோரும் நின்று படித்தார்கள். பழைய ஸ்கிரீன்ஷாட்டுகளையும் அழித்துவிடச் சொல்லிவிட்டார்.

அழிக்கும்போது கூட இருக்க வேண்டும் என்றார் அக்கா. சேரை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டு, நீ பார்த்ததை நானும் பார்க்கணும்." நான்கு படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மூன்றாவதில், தேடும் இடத்தில் எழுத்து பாதியில் நிற்கிறது, ஓரத்தில் அவருடைய பில் ஆஃப் என்ட்ரி செக்லிஸ்ட்டும் திறந்தே இருக்கிறது. அதில் விரலை வைத்து, "அன்னைக்கு இதை அனுப்பிட்டேனே, லேட் ஆகல இல்ல?" என்று கேட்டார்.

"ஆகலைக்கா, 11:55க்குப் போயிடுச்சு" என்றேன். டிலீட் பட்டனை அவரே அழுத்தினார்.