உப்புக் காற்றில் ஆலாவும் பைனும்

கொழும்புக் காலிமுகத்திடலில் பறக்கும் கொண்டை ஆலா என்ற கடற்பறவைக்கும், வெள்ளவத்தை மாடிவீட்டு பல்கனியில் நத்தாருக்கு வாங்கி வைக்கும் நோர்போக் தீவுப் பைனுக்கும் பொதுவான தொல்லை உப்பு. ஆலா கடல்நீரையே குடிக்கும். கண்ணுக்கு மேலுள்ள சுரப்பி பிரித்தெடுக்கும் உப்பு, மூக்குத் துளை வழியே வந்து மஞ்சள் அலகில் சொட்டும். பைனுக்கு இலைமேல் மெழுகுப் பூச்சுத்தான் காவல்.

அங்கேதான் நம்மவர் பிழை விடுவது. மாப்பூச்சிக்கென்று சவர்க்காரத் தண்ணியைத் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். மெழுகு போகும், உப்பு இறங்கும், கடல்பக்கக் கிளை முதலில் பழுப்பாகும். சிட்னிக் கரையோரத்தில் பைன்கள் பட்டுப்போனதும் கழிவுநீரோடு கடலில் கலந்த சலவைப் பொருட்களால்தான். ஆலாவின் இறகுக்கும் அதே கதி: நீர் ஒட்டாத தன்மை போய் நனைந்துவிடும்.

பூச்சியை ஈரப் பஞ்சால் துடையுங்கள். மழையில்லாத நாட்களில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவுங்கள். நுனிக் குருத்தை மட்டும் கிள்ளவேண்டாம், மரம் பிறகு நேராக எழும்பாது.