அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்த அன்னைக்கு

மண்டபத்துல எங்க வீடு. அப்பாவுக்கு 61 வயசு, நாட்டுப்படகுக்காரர். காலைல 5.30க்கு டீ குடிச்சிட்டு திண்ணைல வலை பொத்திக்கிட்டு இருந்தவர், 6 மணிக்கு அம்மா போய்ப் பாத்தா வாய் இடது பக்கமா கோணி, வலது கை தொங்கிப்போய் உக்காந்திருக்கார், என்னப்பா பண்ணுதுன்னு கேட்டா "வலை, வலை"ன்னு அந்த ஒரு வார்த்தைதான் வருது.

வாதம் அடிச்சிருச்சு, புறா ரத்தம் தேச்சா சரியாயிரும்னு பக்கத்துல சொன்னாங்க, நான் கேக்கல. ஆனா பதட்டத்துல கிட்டக்க இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன், அங்க ஸ்கேனே கிடையாது, டிரிப்ஸ் ஏத்தி முக்கால் மணி நேரம் படுக்க வச்சுட்டாங்க, நினைச்சா இன்னும் வயிறு எரியுது. அப்புறம்தான் 108க்கு போன் போட்டு ராமநாதபுரம் போனோம்.

அங்க டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "கடைசியா எத்தன மணிக்கு நல்லா இருந்தார்?" அம்மா 5.30 டீயைச் சொன்னாங்க. அந்த நேரத்துல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ளதான் மூளை ரத்தக்குழாயை அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடுவாங்களாம், அதுக்கும் முன்னாடி சிடி ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்லன்னு பாத்தாகணும், கசிவு இருக்கறவங்களுக்குப் போட்டா உயிருக்கே ஆபத்து. எங்களுக்கு 8.40க்கு ஊசி போட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலம் டாக்டர் ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டுனார். மூளைக்கு ரத்தம் கொண்டு போறது நாலு குழாய்: கழுத்துல முன்பக்கம் ரெண்டு கரோட்டிட், பின்பக்கம் கழுத்தெலும்பு ஓட்டை வழியா ஏறுற வெர்டிப்ரல் ரெண்டு, இந்தப் பின்னாடி ரெண்டும் சேந்து ஒரே குழாயாகி, மூளைக்கு அடியில கரோட்டிட்டோட சேந்து ஒரு வளையம் ஆகுது. 1664ல அதை எழுதி வச்ச வில்லிஸ்ங்கிற டாக்டர் பேர்லதான் இன்னைக்கும் அந்த வளையத்தைச் சொல்றாங்க.

"வளையம்னா ஒரு பக்கம் அடைச்சா மறுபக்கத்துல இருந்து ரத்தம் வரணுமே சார்?"னு கேட்டேன். அவர் முதுகுளத்தூர் பக்கத்துக்காரர், "தம்பி, கண்மாய்க்கு நாலு வரத்துக்கால் இருந்தாலும் மடை தாண்டி வாய்க்கால்ல அடைப்பு விழுந்தா அந்த வயலுக்கு எப்படித் தண்ணி பாயும்?"னார். அப்பாவுக்கு அடைச்சது வளையத்தைத் தாண்டி இடது நடு மூளைத் தமனியில, அதோட நிறைய பேருக்கு அந்த வளையமே முழுசா இருக்காதாம். ரத்தம் போகாத மூளைப் பகுதில நடுவுல கொஞ்சம் கருகிருச்சு, சுத்தி உள்ளது வாடித்தான் இருக்கு, அதைக் காப்பாத்தத்தான் அந்த ஊசின்னார்.

அப்பதான் எனக்கு எல்லாம் பிடிபட்டுச்சு. இடது மூளை வலது உடம்பை ஆட்டுது, முகத்துக்கும் கைக்குமான இடம் மூளையோட வெளிப்பக்கம், அதுக்கு இந்த நடுத் தமனிதான் ரத்தம் குடுக்குது, காலுக்கான இடம் ரெண்டு பாதிக்கும் நடுவுல உள்பக்கமா இருக்கு, அதுக்கு முன் தமனி. அதனாலதான் அப்பா அஞ்சாம் நாளே பிடிச்சு நடந்துட்டார், கை மட்டும் அசையல. பேச்சைக் கோர்க்கிற புரோக்கா பகுதியும் பெரும்பாலானவங்களுக்கு இடது பக்கம், அதே தமனிதான். நாம சொல்றது அவருக்குப் புரியுது, திருப்பிச் சொல்லத்தான் வரல, அந்தத் தவிப்பைப் பாக்கவே முடியாது.

ஆனா வலை இழுக்குறப்ப போடுற ஏலேலோ மட்டும் முழுசா வந்துச்சு, பாட்டுக்கு வலது மூளையும் கை குடுக்குமாம், அதைப் பிடிச்சுத்தான் பேச்சுப் பயிற்சியே ஆரம்பிச்சாங்க.

ஏழு மாசம் ஆச்சு. சின்னச் சின்ன வாக்கியம் பேசுறார், பீடி அறவே இல்ல, பிரஷர் மாத்திரை அம்மா கையாலதான். வலது கை விரல் இன்னும் விரியல, இடது கையால ஊசி பிடிச்சு வலை பொத்தப் பழகிட்டு இருக்கார்.