ஏணியில் நான், காரில் அவர்

கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் நாங்கள் வாங்கிய வீடு 1970களில் கட்டப்பட்டது. விற்றவர்கள் சமையலறையில் புதுக் கல் பதித்திருந்தார்கள், குளியலறையைப் புதுப்பித்திருந்தார்கள், கராஜை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. கதவைத் தூக்கும் மோட்டார் கூரையிலிருந்து சங்கிலியோடு தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் தேர் நிலையை விட்டுக் கிளம்புவது போல முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு குலுக்கல், அதற்குப் பிறகுதான் கதவு நகரும்.

சாவிக் கொத்தோடு ஒரே ஒரு ரிமோட் கொடுத்தார்கள். பேட்டரி மாற்றுவதற்காக அதன் மூடியைக் கழற்றினேன். உள்ளே அரிசி மணி அளவில் பத்துச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் மேலோ கீழோ தள்ளலாம். மோட்டாரின் முதுகிலும் அதே பத்து. இரண்டு வரிசையும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். எங்கள் வீட்டுக்கு இருந்த பூட்டு அவ்வளவுதான்.

பத்து சுவிட்சு என்றால் மொத்தமே 1,024 சேர்க்கைகள். 2015இல் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், குழந்தைகள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பி விளையாடும் மேட்டல் பொம்மை ஒன்றை மாற்றியமைத்து, இந்த மாதிரிக் கதவுகளைச் சில நொடிகளில் திறந்து காட்டியிருக்கிறார். பூட்டைத் திறந்தது ஓர் இளஞ்சிவப்புப் பொம்மை என்று படித்த அன்று இரவு, கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தூங்கினேன். கணவர் சிரித்தார். சிரித்துவிட்டு மறுநாள் மோட்டார் மாற்றுபவரை அழைத்தவரும் அவர்தான்.

வந்தவர் மோட்டாரைப் பார்க்கவே இல்லை, நேராகக் கதவிடம் போனார். சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து கதவை விடுவித்தார், கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார், விட்டுவிட்டார். கதவு அங்கேயே நிற்க வேண்டுமாம். எங்கள் கதவு தொப்பென்று விழுந்தது. கதவின் எடையைத் தாங்குவது மோட்டார் அல்ல, மேலே குறுக்குத் தண்டில் முறுக்கிவைத்திருக்கும் ஸ்பிரிங்தான் என்று அன்றுதான் தெரிந்தது. ஸ்பிரிங் தளர்ந்த கதவில் எவ்வளவு புத்திசாலியான மோட்டாரைப் பூட்டினாலும் சீக்கிரம் முதுகு ஒடிந்துபோகும். அந்த ஸ்பிரிங்கை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். முறுக்கு விடுபட்டால் கையில் இருக்கும் கம்பி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாதாம்.

புது மோட்டாரில் பேட்டரி இருக்க வேண்டியது இங்கே சட்டம். 2017இல் வட கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது மின்சாரம் போய், கராஜ் கதவைத் திறந்து காரை எடுக்க முடியாமல் சிலர் இறந்துபோனார்கள். அதன் விளைவாக, 2019 ஜூலை 1 முதல் பேட்டரி இல்லாத மோட்டாரை இந்த மாநிலத்தில் விற்கவோ பொருத்தவோ கூடாது. கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் ஒரு ஜோடி சென்சார் இருப்பதும் சட்டம்தான். இது 1993இலிருந்து நாடு முழுவதற்கும் பொருந்தும். எங்கள் பழைய மோட்டார் அதற்கும் மூத்தது. குழந்தையோ பூனையோ குறுக்கே வந்தாலும் பார்க்கக் கண் இல்லாமல் இத்தனை ஆண்டு அது இறங்கி ஏறியிருக்கிறது.

பொருத்தும் வேலை மதியத்துக்குள் முடிந்தது. அடுத்து வந்த மூன்று வார இறுதிகள்தான் என் கதை.

முதலில் தொலைபேசி. செயலியை இறக்கி, மோட்டாரை வீட்டு வைஃபையில் சேர்க்க முயன்றேன். ‘இணைக்க முடியவில்லை’ என்றது. கடவுச்சொல்லை ஒரு எழுத்துக்கு ஒரு எழுத்து சரிபார்த்துப் பதினோரு முறை முயன்றேன். காரணம் கடவுச்சொல்லே அல்ல. எங்கள் மோட்டாருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டுமே புரியும். எங்கள் ரவுட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒளித்துவைத்துக்கொண்டு, தொலைபேசியை 5இல் உட்கார வைத்திருந்தது. விருந்தினருக்கென்று தனியாக ஒரு வைஃபை திறந்து, அதை 2.4இல் மட்டும் ஓடவிட்டு, மோட்டாரை அங்கே சேர்த்தேன். முதல் முயற்சியிலேயே சேர்ந்துகொண்டது. வீட்டுக் கணினிகள் இருக்கும் வலையில் கதவு மோட்டார் இல்லாமல் இருப்பதும் நல்லதுதான். யோசித்துச் செய்ததில்லை, தானாக அமைந்தது.

அடுத்தது கார். புதிய காரில் பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே, ரிமோட்டின் வேலையைக் காரே செய்வதற்கான ஹோம்லிங்க் பொத்தான்கள் மூன்று இருக்கின்றன. புது ரிமோட்டை அந்தப் பொத்தானுக்கு இரண்டு மூன்று அங்குலத்தில் பிடித்து, இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். மெதுவாக மின்னும் விளக்கு வேகமாக மின்னத் தொடங்கினால் கார் பாடம் கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். இங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்துக் கதவை நோக்கிப் பொத்தானை அழுத்தினோம். கதவு அசையவில்லை. இப்போதைய ரிமோட்டுகள் அழுத்தும் ஒவ்வொரு முறையும் புது எண்ணை அனுப்புகின்றன. கிழித்த பஸ் டிக்கெட்டைப் போல, ஒருமுறை பயன்பட்ட எண் மறுமுறை செல்லாது. அதனால் கார் கற்றால் மட்டும் போதாது, மோட்டாரும் அந்தக் காரைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு மோட்டாரின் முதுகில் இருக்கும் மஞ்சள் பொத்தானை அழுத்தி, 30 நொடிக்குள் காருக்குப் போய் அங்குள்ள பொத்தானை அழுத்த வேண்டும்.

தனியாளாகச் செய்தால் ஏணியிலிருந்து குதித்து ஓட வேண்டும். நாங்கள் இரண்டு பேர். நான் ஏணியில், அவர் காரில். நான் “இப்போது!” என்று கத்த வேண்டும், அவர் அழுத்த வேண்டும். கார் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு குளிரூட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு முதல் இரண்டு “இப்போது” கேட்கவே இல்லை. மூன்றாவது, தெருவுக்கே கேட்டது. மோட்டாரின் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. கதவு இறங்கியது.

பழைய காரிலும் மூன்று பொத்தான்கள் இருந்தன. அதே சடங்கை அதே வரிசையில் இரண்டு மணி நேரம் செய்தோம். பிறகுதான் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அந்தக் கார் 2008 மாடல், புது மோட்டார் பேசும் குறியீடு அதற்குப் பிறகு வந்தது. தாத்தாவிடம் புதுச் சொல்லைக் கேட்டால் அவர் என்ன செய்வார், பாவம். இரண்டுக்கும் இடையே மொழிபெயர்க்க ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். வாங்கவில்லை. கூட வந்த இரண்டாவது ரிமோட்டைச் சூரியத் தடுப்பில் மாட்டிவிட்டு ஏணியை மடித்தேன்.

ஒரு வாரம் நன்றாகப் போனது. பிறகு ஒரு விசித்திரம். மாலையில் வீடு திரும்பும்போது தெருமுனையிலிருந்தே கதவு திறக்கிறது. காலையில் காரைப் பின்னால் எடுத்து, தெருவிலிருந்து மூட அழுத்தினால் மூட மறுக்கிறது. மறுபடி கதவுக்கருகே ஊர்ந்து போய் அழுத்தினால்தான் மூடுகிறது. அதே ரிமோட், அதே தூரம். காருக்குக் காலை பிடிக்கவில்லை என்று கணவர் ஜோசியம் சொன்னார். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. மாலையில் வரும்போது மோட்டாரில் இருக்கும் பல்பு அணைந்திருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் பல்பு எரிகிறது. அதில் நான் போட்டிருந்தது கடையில் மலிவாகக் கிடைத்த எல்இடி பல்பு. சில எல்இடி பல்புகள் எரியும்போது வானொலி அலையில் இரைச்சல் கிளப்பும். அந்த இரைச்சலில் ரிமோட்டின் குரல் மோட்டாருக்குக் கேட்காமல் போகிறது. பல்பைக் கழற்றிவிட்டு முயன்றேன், தெருவிலிருந்தே மூடியது. கராஜ் மோட்டாருக்கென்றே தனி எல்இடி பல்பு கிடைக்கிறது. நான் பட்ட பாட்டில் நீங்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் எனக்கு மகிழ்ச்சி.

இந்த நேரத்தில்தான் அத்தை திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதம் தங்க வந்தார். கதவு தானாகத் திறப்பதைப் பெருமையாகக் காட்டிய கணவர், “நம் வீட்டில் என்றால் ஹாரன் அடித்தால் யாராவது ஓடி வந்து கேட்டைத் திறக்க வேண்டும்” என்றார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். “அந்த யாராவது நான்தான்” என்றார்.

கணவருக்கு ஆசை அடங்கவில்லை. பொத்தானைக்கூட அழுத்தாமல், தொலைபேசி வீட்டை நெருங்கியதும் கதவு தானாகவே திறக்க வேண்டும். வரைபடத்தில் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் நுழைந்ததும் திற என்று அமைத்தார். இரண்டு நாள் அமர்க்களமாக இருந்தது. மூன்றாம் நாள் அவர் எலிசபெத் ஏரிக்கரைக்கு நடைப்பயிற்சிக்குப் போனார். தொலைபேசிக்குக் காரும் காலும் ஒன்றுதான். அவர் நடந்து திரும்பி வட்டத்துக்குள் காலை வைத்தபோது, கராஜில் இருக்கும் சலவை இயந்திரத்தில் அத்தை துணி போட்டுக்கொண்டிருந்தார். ஆள் யாரும் இல்லாமல் கதவு எழும்பியிருக்கிறது. அவர் வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தபோது அத்தை துணிக்கூடையோடு கூடத்தில் நின்றிருந்தார்.

“யார் திறந்தது?”

“நான்தான் அம்மா.”

“நீ வாசலில் அல்லவா வந்தாய்?”

அடுத்து நடந்ததை நான் மன்னிக்கவில்லை. கதவு திறந்து கிடப்பதை மூடச் சொன்னேன். அவர் சோபாவில் உட்கார்ந்தபடியே தொலைபேசியில் மூடினார். ஆள் பார்க்காத தூரத்திலிருந்து மூடும்போது, கதவு நகர்வதற்கு முன் சில நொடிகள் மோட்டார் பீப் பீப் என்று அலறி விளக்கை மின்ன வைக்க வேண்டும், பாதுகாப்பு விதி அது. மிச்சத் துணியை எடுக்க அப்போதுதான் அத்தை மறுபடி கராஜுக்குள் போயிருந்தார். அன்று மாலையே அந்த வட்டம் அழிக்கப்பட்டது.

தொலைபேசியால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. திறப்பதற்கு அது சோம்பேறி: பூட்டைத் திற, செயலியைத் தேடு, சுழலும் வளையத்தைப் பார்த்துக் காத்திரு. அதற்குள் காரின் பொத்தான் நான்கு முறை திறந்து மூடியிருக்கும். காரின் திரையிலேயே கதவுப் படம் வர வேண்டுமென்றால் ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். என் வீட்டுக் கதவுக்கு நான் வாடகை கட்டுவதாக இல்லை. ஆனால் 880 நெடுஞ்சாலையில் மில்பிடாஸை நெருங்கும்போது, ‘கதவை மூடினோமா?’ என்று வயிற்றில் ஒன்று புரளுமே, அதற்குப் பதில் சொல்ல காரின் பொத்தானால் முடியாது. முன்பு அந்த இடத்திலிருந்து இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறேன், இரண்டு முறையும் கதவு மூடித்தான் இருந்தது. இப்போது தொலைபேசியைப் பார்க்கச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறேன். என்னைப் பொறுத்தவரை தொலைபேசிக்குக் கதவில் அந்த ஒரு வேலைதான்.

ஒரு நாள் அதுவும் ‘மூடவில்லை’ என்றது. மாலை ஐந்தரை. மூட அழுத்தினால் பாதி இறங்கிப் பயந்ததுபோல மறுபடி மேலே போகிறது. சென்சாருக்குக் குறுக்கே ஒன்றுமில்லை என்று அத்தை வீடியோ அழைப்பில் காட்டினார். காட்டும்போதே விடையும் தெரிந்தது. எங்கள் கராஜ் மேற்கே பார்த்தது, சாய்ந்த வெயில் நேராகச் சென்சாரின் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அத்தை தன் முந்தானையை விரித்து நிழல் கொடுத்தார், பச்சை விளக்கு திரும்ப எரிந்தது. இன்று அந்த இடத்தில் காகிதச் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழல் ஒன்று ஒட்டியிருக்கிறது. பார்க்க அழகாக இல்லை, வேலை செய்கிறது.

அத்தைக்குத் தொலைபேசியும் வேண்டாம், ரிமோட்டும் வேண்டாம். வெளிச் சுவரில் எண்பலகை ஒன்று பொருத்தி, அவர் சொன்ன நான்கு இலக்கத்தைப் பதிந்து கொடுத்தேன். காலை நடைக்குக் கையை வீசிக்கொண்டு போவார், வந்து நான்கு எண்ணை அழுத்துவார், உள்ளே வருவார். வீட்டில் ஒருநாளும் கோளாறு செய்யாத ஏற்பாடு அது ஒன்றுதான். அதையும் நானே கெடுத்தேன்.

ஐந்தாவது மாதம் பழைய காரை விற்றோம். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இரவு பாத்திரம் கழுவும்போதுதான் நினைவு வந்தது: சூரியத் தடுப்பில் ரிமோட். அவருக்கு எங்கள் முகவரியும் தெரியும். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், ஆனாலும் ஏணியை எடுத்தேன். மஞ்சள் பொத்தானை ஆறு நொடி விடாமல் அழுத்தினால் மோட்டார் தனக்குத் தெரிந்த எல்லா ரிமோட்டையும் மறந்துவிடும். விளக்கு அணையும் வரை அழுத்தினேன். பிறகு கணவரைக் காரில் உட்கார வைத்து, கண்ணாடியை இறக்கச் சொல்லி, இருந்த ஒரு காரை மறுபடி கற்பித்துவிட்டுத் தூங்கப் போனேன். தொலைபேசியின் கணக்கு தனி, அது தொலையவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது வாசல் மணி அடித்தது. அத்தை நின்றுகொண்டிருந்தார், நெற்றியில் வியர்வை.

“எண் மறந்துபோயிற்றோ என்று பயந்துவிட்டேன் அம்மா. நான்கு முறை போட்டேன். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.”

“இல்லை அத்தை, அதுதான் மறந்துவிட்டது.”

கூட்டத்தில் ஒலியை நிறுத்திவிட்டு ஏணியை விரித்தேன். இம்முறை வெளியே எண்பலகை முன் நின்றவர் அத்தை. நான் “இப்போது!” என்று சொல்லி முடிப்பதற்குள் நான்கு எண்ணையும் அழுத்தியிருந்தார்.