தினமும் ஒரு மாத்திரை: கண் வீக்கமும் கெண்டைக்கால் பிடிப்பும்

முதல் மாத்திரையைக் காலையில் வெறும் காப்பியோடு விழுங்கினேன். அரை மணி நேரத்துக்குள் பின்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாந்தியெடுத்துவிட்டேன். 2016 மார்ச் மாதம் அது. இந்த மாத்திரையோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்று அன்று முழுக்க அழுதுகொண்டிருந்தேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். நோய் தெரியும் முன், தரையில் குனிந்து துணி வெட்டும்போது இடது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இடிக்கும். சாப்பிட உட்கார்ந்தால் நான்கு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். இரத்தம் பார்த்தபோது வெள்ளையணுக்கள் 1,80,000 என்று வந்தது. பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டிய கணக்கு அது. விலாவுக்குக் கீழே இடித்தது வீங்கிய மண்ணீரல். புதுச்சேரி ஜிப்மரில் எலும்பு மஜ்ஜையும் மரபணுவும் பார்த்து, சி.எம்.எல். வகை இரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் வருகிற நோய் இது. அந்த மாற்றத்தில் பிறக்கும் தப்பான புரதம், 'பெருகு, பெருகு' என்று வெள்ளையணுக்களை ஓயாமல் விரட்டுகிறது. இமாடினிப் என்ற மாத்திரை அந்தப் புரதத்தின் வாயை அடைக்கிறது. டாக்டர் என்னிடம் சொன்னது இன்னும் எளிமையானது: "மாத்திரை நோயைக் கட்டி வைக்கிறது அம்மா. கயிற்றை நீங்களே அவிழ்த்துவிடாதீர்கள்." அதன் பொருள் எனக்கு உறைக்க இரண்டு ஆண்டுகள் ஆனது.

வாந்திக்கு வழி சீக்கிரமே கிடைத்தது. 400 மில்லிகிராம் மாத்திரையை வயிறார உண்ட பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். இரண்டு இட்லியெல்லாம் எனக்குப் போதவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பார்த்தேன், படுத்ததும் நெஞ்சு எரிந்தது. கடைசியில் மதியச் சோற்றுக்குப் பிறகு, ஒன்றரை மணி என்று நிலைத்தது. போட்டுவிட்டு ஒரு மணி நேரமாவது படுக்காமல் உட்கார்ந்து ஹெம்மிங் செய்வேன். விழுங்கவே முடியாதவர்கள் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கலாம் என்று வார்டில் ஒரு செவிலியர் சொல்லித் தந்தார்.

இரண்டாம் மாதம் வெள்ளையணு எண்ணிக்கை அளவுக்கு மீறிக் குறைந்தது. கிருமியோடு சண்டையிடும் நியூட்ரோபில் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. டாக்டரே மாத்திரையை நிறுத்தச் சொன்னார். வாரம் ஒரு முறை இரத்தம் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் 1,500ஐத் தாண்டியதும் திரும்பத் தொடங்கினோம். ஆரம்ப மாதங்களில் பலருக்கும் இப்படி ஆவதுண்டு. ஆனால் நான் அதிலிருந்து தப்பான பாடம் கற்றுக்கொண்டேன். இரண்டு வாரம் நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே, மாத்திரையை விட்டு விட்டுப் போட்டாலும் பரவாயில்லை போலிருக்கிறது என்று மனதில் பதிந்துவிட்டது.

அதற்குள் கண்ணைச் சுற்றி வீக்கம் தொடங்கியிருந்தது. காலையில் எழுந்தால் இமைகள் இரண்டும் நீர் கோத்து, ஊறிய பட்டாணி போலிருக்கும். கண்ணைப் பாதிதான் திறக்க முடியும். ஊசியில் நூல் கோர்க்க, நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, நாலைந்து தடவை முயல வேண்டியிருந்தது. பத்து மணிக்கு மேல் வீக்கம் கொஞ்சம் வடியும். அளவு கொடுக்க வருகிற பெண்கள், "ராத்திரி எல்லாம் அழுதீங்களாக்கா?" என்று கேட்பார்கள். என் நோயைப் பற்றித் தெருவில் யாருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தூக்கமில்லை என்று சொல்லிச் சமாளிப்பேன்.

2018 தை மாதம் நாத்தனாருக்குக் கல்யாணம். மணமேடையில் நான் நிற்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள். நாள் நெருங்க நெருங்க அந்தக் கண்களோடு நிற்க எனக்கு மனமில்லை. ஏழு வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரையை எடுத்துப் பித்தான் டப்பாவில் போட்டு மூடினேன். வீக்கம் நன்றாகவே வடிந்தது. போட்டோவில் முகம் பழையபடி இருந்தது.

மார்ச்சில் எடுத்த பி.சி.ஆர். பரிசோதனையில் அது பிடிபட்டது. இரத்தத்தில் அந்தத் தப்பான மரபணு எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்று சொல்லும் பரிசோதனை அது. 0.1 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், வந்தபின் அங்கேயே நிற்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு வைத்த கோடு. 0.06இல் இருந்த நான் 0.7க்கு ஏறியிருந்தேன். "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டார். "சாப்பிடுகிறேன் சார்" என்றேன். அவர் நம்பினார். நம்பியதால், மாத்திரைக்கு நோய் கட்டுப்படவில்லையோ என்று மரபணுவில் புது மாற்றம் பார்க்கும் இன்னொரு பரிசோதனை எழுதினார். முடிவைப் பார்த்து வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டி வரலாம் என்றார். என் ஒரு பொய், ஒரு டாக்டரைத் தவறான பாதையில் நடக்க வைத்துக்கொண்டிருந்தது.

அன்றிரவு வீட்டுக்காரர் கழன்ற சட்டைப் பித்தானுக்கு ஜோடி தேடி அந்த டப்பாவைத் திறந்தார். மாத்திரைகளைத் தரையில் கொட்டி எண்ணினார். இருபத்து நான்கு. என்னைத் திட்டவில்லை. ஒரு தாளில் மடித்து என் கைப்பையில் வைத்து, "காலையில் முதல் பஸ்ஸுக்குப் போவோம், நீயே அவரிடம் கொடு" என்றார்.

பஸ் அரியாங்குப்பம் தாண்டும்வரை நான் வாயே திறக்கவில்லை. டாக்டர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். புதிதாக எழுதிய பரிசோதனையை அடித்தார். பிறகு, "வீக்கம் இருக்கிறது என்று ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். உண்மையில் நான் சொன்னதே இல்லை. உயிரைக் காக்கிற மருந்து கொடுக்கிறவரிடம் கண் வீங்குகிறது என்று முறையிடுவதா என்று கூச்சப்பட்டேன். அன்று அவர் எழுதிக் கொடுத்தது, நீர் பிரிய, ஐந்து நாள் போட ஒரு மாத்திரை மட்டும்தான். கருவாடு, அப்பளம், ஊறுகாயைக் குறைக்கச் சொன்னார். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கருவாட்டை விடுவது லேசானதல்ல, ஆனால் உப்பு குறைந்த இரண்டாம் வாரமே வித்தியாசம் தெரிந்தது. இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்கிறேன். வாரம் ஒரு நாள் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறேன். எடை திடீரென்று ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் வர வேண்டும் என்பது அவர் கட்டளை. ஆறு மாதத்தில் பி.சி.ஆர். கோட்டுக்குக் கீழே இறங்கியது.

அதன் பிறகு எதையும் மறைப்பதில்லை. கெண்டைக்கால் பிடிப்பைப் பற்றி ஆஸ்பத்திரிக்குப் போன உடனே சொன்னேன். இரவு இரண்டு மணிக்குச் சதை உருண்டு கல்லாகிவிடும், எழுந்து நிற்கவும் முடியாது. இரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் பார்த்தார்கள். குறைந்திருந்த கால்சியத்துக்கு மாத்திரை தந்தார்கள். பிடிக்கும்போது முட்டியை நீட்டி, கால் விரல்களை நம் பக்கமாக இழுத்துப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் விடும். படுக்கும் முன் வெந்நீரில் கால் வைப்பேன். எல்லாவற்றையும்விட உதவியது, மிதிமெஷினுக்கு மோட்டார் பொருத்தியதுதான்.

வயிற்றுப்போக்கு வரும் நாட்களில் மோர்ச் சாதமும் உப்புச் சர்க்கரைக் கரைசலும். தோல் வெளுத்தது, உறவினர்கள் நிறம் கூடிவிட்டதாகச் சந்தோஷப்பட்டார்கள். அந்தத் தோலுக்கு வெயில் தாங்காது, குடையில்லாமல் மஞ்சக்குப்பம்வரைகூடப் போக முடியாது.

மற்ற மருந்துகளில் மிகவும் எச்சரிக்கையாக இருக்கிறேன். காய்ச்சலுக்கோ பூஞ்சைத் தொற்றுக்கோ யார் மருந்து எழுதினாலும் இமாடினிப் சாப்பிடுகிறேன் என்பதை முதலில் சொல்வேன். சில மருந்துகள் இதன் அளவை உடம்பில் ஏற்றிவிடும், சில இறக்கிவிடும். பம்பளிமாஸ் பழமும் ஆகாது, மருந்து உடம்பில் சிதைந்து வெளியேறுவதை அது தடுக்கிறது. குறிஞ்சிப்பாடிப் பெரியம்மா அன்போடு கொண்டுவந்த லேகியத்தை வாங்கி வைத்துக்கொண்டேன், சாப்பிடவில்லை. குழந்தை வேண்டும் என்று நினைக்கிற பெண்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும், இந்த மாத்திரை கருவுக்குக் கேடு.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, தென்பெண்ணையில் வெள்ளம் பாய்ந்து, புதுச்சேரிக்குப் போக வழியில்லாமல் போனது. கையில் பதினாறு மாத்திரைகள் இருந்தன. இரண்டு வார மாத்திரை எப்போதும் மிச்சமிருக்க வேண்டும் என்பது வீட்டுக்காரர் போட்ட சட்டம். அவற்றை இப்போது அவர்தான் எண்ணுகிறார்.

அந்தத் தப்பான மரபணு பல ஆண்டுகள் மிகக் குறைந்த அளவிலேயே நிற்கிற சிலருக்கு, டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. நான் இன்னும் அந்த அளவுக்கு இறங்கவில்லை.

சோர்வுக்கு மட்டும் முழு வழி கிடைக்கவில்லை. இரத்தசோகையும் தைராய்டும் பார்த்தாகிவிட்டது, இரண்டும் சரியாகவே இருக்கின்றன. மூன்று மணிக்கு மேல் கை கனத்துவிடும். முன்பு தீபாவளிக்கு அறுபது ஜாக்கெட் ஒப்புக்கொள்வேன். இப்போது இருபத்தைந்தோடு நிறுத்திக்கொள்கிறேன். போன ஆண்டு இருபத்தாறாவதாக வந்த பெண் ஏன் என்று கேட்டாள். எனக்கு இரத்தப் புற்றுநோய், மாத்திரையில் இருக்கிறேன் என்றேன். தெருவில் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, துணியை மேஜைமேல் வைத்து, "பொங்கலுக்குத் தந்தால் போதும்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.