மூஸ் ஆற்றில் வற்றுப்பெருக்கு

மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. கனடாவுக்கு வந்து முப்பது வருடமாகியும் ஸ்காபரோவைத் தாண்டி வடக்கே போனதில்லை. வருகிற விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நயாகராவுக்கு மட்டும் இருபது தடவையாவது போயிருப்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் என் கைபேசியில் ஒன்ராறியோ வரைபடத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஜேம்ஸ் விரிகுடாவுக்குக் கீழே மூசனி என்ற ஒரு புள்ளியில் நின்றார்.

"என்னடா தம்பி, இந்த ஊருக்கு ரோட்டே போகேல்ல?"

"ரோட் இல்லை மாமா. ரயில்தான். பிறகு அங்கயிருந்து எதிர்த்தீவுக்கு வள்ளம்."

"வள்ளமோ?" என்றார். மாமா பிறந்தது யாழ்ப்பாணத்து நெடுந்தீவு. குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்து நின்றே பாதி இளமை போனது என்பார். புரட்டாதிக் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் புறப்பட்டோம்.

ரொறன்ரோவில் இருந்து, ரயில் புறப்படுகிற கொக்ரேன் 700 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. நெடுஞ்சாலை 11இல் எட்டு மணித்தியால ஓட்டம். வழியில் ஒரு பலகை வரும்: இங்கிருந்து வடக்கே எல்லா ஆறுகளும் ஆர்க்டிக் பக்கம் ஓடுகின்றன என்று. மாமா காரை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்ப் பலகையின் அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு காலாக நின்று படம் எடுக்க வைத்தார். பின்னால் சரக்கு லொறிகள் உறுமிக்கொண்டு போயின. கொக்ரேனில் ஊர் வாசலில் ஒரு பெரிய வெண்கரடிச் சிலை இருக்கிறது. நாம் காலை மாலை கோப்பிக்கு வரிசையில் நிற்கிற கடைக்குப் பெயர் கொடுத்த ஹொக்கி வீரர் ரிம் ஹோர்ட்டன் 1930இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். வேறு சொல்ல அங்கே அதிகமில்லை. ரயிலுக்கு முந்தின இரவு தூங்குகிற இடம்.

ரயிலின் பெயர் போலார் பெயார் எக்ஸ்பிரஸ். வழியில் வெண்கரடியும் கிடையாது, எக்ஸ்பிரஸ் வேகமும் கிடையாது. 299 கிலோமீற்றருக்கு ஐந்து மணித்தியாலம். ஆனால் சுற்றுலாவுக்கு வந்தவர்கள் என்று பார்த்தால் எங்கள் பெட்டியில் நாங்களும் ஒரு ஜேர்மன் தம்பதியும்தான். மற்றவர்கள் எல்லோரும் ஊர் திரும்புகிற கிரீ மக்கள், இந்தப் பகுதியின் பூர்வகுடிகள். பிள்ளைகளின் டயபர் பெட்டிகள், டயர்கள், சுருட்டின கம்பளம், ஒரு புதுத் தொலைக்காட்சி. பின்னால் சரக்குப் பெட்டிகளில் படகும் பிக்கப் டிரக்கும் ஏறியிருந்தன. இது அவர்களுடைய பஸ். காட்டுக்கு நடுவில் தண்டவாளத்து ஓரம் நின்று கை காட்டினாலும் நிற்கும். ஓரிடத்தில் அப்படி நின்றது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு கிழவர் முதுகுப்பையும் துவக்குப் பையுமாக ஏறி, மாமாவுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் நித்திரை கொண்டார்.

ஒட்டர் ரப்பிட்ஸ் அணையைத் தாண்டியபின் நிலம் மாறிவிடுகிறது. மலையும் இல்லை, பாறையும் இல்லை. தட்டையான சதுப்பு. கறுப்பு ஸ்புரூஸ் மரங்கள் ஆள் உயரத்துக்கு, ஈர்க்கிலைக் குத்தி வைத்ததுபோல. பெரிய மரம் வேர் விடக் கீழே மண் இல்லை, அழுகாத பாசிதான் அடுக்கடுக்காக. நடுநடுவே தமராக் மரங்கள் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. ஊசியிலை மரமென்றால் எப்போதும் பச்சை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, இது அந்த விதியை மதிக்காத மரம். இலையுதிர் காலத்தில் பொன்னாகி முழுக்க உதிர்த்துவிடும். அதன் மெல்லிய குச்சிகளைக் கட்டி வாத்து உருவம் செய்கிறார்கள். முன்பு வேட்டையில் வாத்துகளை ஏமாற்றித் தரையிறங்க வைத்தது, இப்போது பரிசுப் பொருளாகவும் விற்கிறது.

மூசனி தண்டவாளத்தின் கடைசி. 1932இல் இந்த ரயில் பாதை இங்கே வந்து முடிந்தது. துறைமுகமாக்கிப் பெரிய நகரம் எழுப்பலாம் என்று அப்போது கனவு கண்டார்கள். இன்று சுமார் 1500 பேர். லண்டன் நகரத்தின் அகலக்கோடுதான் இதற்கும், ஆனால் மாரியில் மைனஸ் முப்பது சர்வசாதாரணம். ஸ்ரேசனில் இருந்து ஆற்றங்கரைக்குப் போகிற தெருவில் கார்கள் ஓடுகின்றன. ஆறு உறையாத காலத்தில் எந்தக் காரும் ஊரைவிட்டு வெளியே போவதில்லை, ரயில் ஏறினால் ஒழிய. கடையில் மாமா ஒரு வத்தகப்பழத்தைத் தூக்கி விலையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவதுபோல மெதுவாகத் திருப்பி வைத்தார்.

ஆற்றைப் பார்த்ததும்தான் அவருக்கு உயிர் வந்தது. மூஸ் ஆறு இந்த இடத்தில் கடல்போலத்தான் கிடக்கிறது. மட்டகாமியும் மிசினைபியும் சேர்ந்து உண்டாகி, அபிட்டிபியையும் வாங்கிக்கொண்டு, தேயிலைச் சாயம்போலப் பழுப்பாக, கலைந்த தீவுகளுக்கு நடுவே ஓடுகிறது. விரிகுடா இன்னும் இருபது கிலோமீற்றருக்குக் கிட்ட. மாமா கரையில் குந்தியிருந்து, ஈரமான கல்லின் கோட்டையும் தண்ணீரின் விளிம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வத்துது தம்பி," என்றார்.

"ஆறு எப்படி மாமா வத்தும்?"

"கடல் இழுக்குது. பாரன்."

சரிதான். விரிகுடாவின் வற்றுப்பெருக்கு இந்த ஊர்வரை வருகிறது. அதைக் கரையில் நின்ற படகோட்டி எனக்கு ஆங்கிலத்தில் விளக்கி முடிக்கும்போது மாமா வெற்றிச் சிரிப்போடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எதிர்த்தீவுக்குப் பெயர் மூஸ் ஃபாக்டரி. மூஸ் மானைத் தயாரிக்கிற தொழிற்சாலையா என்று எல்லோரும் கேட்கிறார்கள், மாமாவும் கேட்டார். ஹட்சன்ஸ் பே கம்பனியின் வணிக முகவருக்கு ஃபாக்டர் என்று பெயர். அவர் இருக்கிற இடம் ஃபாக்டரி. 1673இல் பீவர் தோலுக்காகக் கம்பனி இங்கே காலூன்றியது. ஒன்ராறியோவில் ஆங்கிலேயரின் மிகப் பழைய குடியிருப்பு இதுதான். 1686இல் மொன்றியலில் இருந்து ஆறும் காடுமாகக் கடந்துவந்த பிரெஞ்சுப் படை அதைப் பிடித்துக்கொண்டது. 1730இல்தான் கம்பனி மறுபடி வந்து கட்டியது. தோலுக்காகத் துரைமார் போட்ட சண்டை அது. தீவு அதற்கு முன்னும் பின்னும் மூஸ் கிரீ மக்களுடையது.

கடக்கப் பதினைந்து நிமிடம். படகு என்பது இருபத்திநாலடிச் சரக்குக் கனூ, பின்னால் மோட்டர், குளிர் படாமல் ஒட்டுப்பலகையில் ஒரு கூண்டு. கோடையில் இது. மாரியில் ஆறு உறைந்ததும் அதே வழியில் பனிக்கட்டி மேல் தெரு போட்டுக் கார் ஓட்டுகிறார்கள். நடுவில் இரண்டு காலம் இருக்கிறது: கார்த்திகை மார்கழியில் ஐஸ் பிடிக்கும்போது, சித்திரையில் ஐஸ் உடையும்போது. படகும் ஓடாது, காரும் ஓடாது. அப்போது இந்த மூன்று கிலோமீற்றருக்கு ஹெலிகொப்டர். ஆஸ்பத்திரி தீவில் இருக்கிறது, 1950இல் காசநோயாளருக்காகத் திறந்தது. ரயில் நிலையமோ அக்கரையில். இப்போது புதிய ஆஸ்பத்திரியை மூசனிப் பக்கம் கட்டுகிறார்கள்.

உடைகிற ஐஸ் சில வருடங்களில் ஆற்றை அடைத்து வெள்ளத்தைத் தீவுமேல் தள்ளிவிடும். பரிசுத்த தோமா தேவாலயத்தின் தரையில் அதற்காகவே துளைகள் போட்டிருக்கிறார்கள். 1860களில் தொடங்கிய மரக்கட்டடம். வெள்ளம் வந்தால் மரக் கட்டைகளைப் பிடுங்கித் தண்ணீரை உள்ளே விட்டுவிடுவார்களாம். இல்லாவிட்டால் கோயில் மிதந்து போய்விடும். கடவுள் வீட்டுக்குள் ஆற்றை வரவேற்கிற அந்த ஓட்டைகள்தான் இந்தப் பயணத்தில் நான் கேட்டவற்றிலேயே புத்திசாலித்தனமானவை. மாமாவின் கருத்து வேறு: "நங்கூரம் போட்டிருக்கலாமே."

எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்த பெரியவர் எல்லாவற்றுக்கும் ஒரு பகிடி வைத்திருந்தார், ஓரிடத்தைத் தவிர. புல் மூடிய ஒரு வெளி. பிஷப் ஹோர்டன் ஹோல் என்ற வதிவிடப் பள்ளி நின்ற இடம். கரையோர ஊர்களில் இருந்து கிரீப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடம் இருந்து பிரித்துக் கொண்டுவந்து, தங்கள் மொழியைப் பேசினால் தண்டித்த பள்ளிகளில் ஒன்று, 1976இல்தான் மூடினார்கள். "இங்கேதான்," என்றார். நடையை நிறுத்தவில்லை. மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் அப்படியே வந்தார்.

அந்த மொழி இன்று தெருப் பலகைகளில் இருக்கிறது. கிரீ எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 'ப' வரிசைக்குக் கூம்புபோல ஒரே ஒரு வடிவம். கூர் மேலே பார்த்தால் பி, கீழே பார்த்தால் பே, வலப்பக்கம் பார்த்தால் போ, இடப்பக்கம் பார்த்தால் ப. மெய் ஒன்று, அது திரும்புகிற திசை உயிர். 1840ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற மிஷனரியோடு சேர்த்துப் பேசப்படும் எழுத்து இது. தேவநாகரியின் சாயல் உண்டு என்று சொல்பவர்கள் உண்டு. கொம்பும் காலும் விசிறியும் போட்டு இருநூற்றுச் சொச்சம் எழுத்தை மனப்பாடம் செய்த எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

மாலையில் ஒரு கூடாரத்துக்குள் வாத்துச் சுட்டார்கள். இலையுதிர் வேட்டை தொடங்கிவிட்ட நேரம். விரிகுடாவில் இருந்து தெற்கே போகிற கனடா வாத்துகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே இருந்தன. கிரீயில் வாத்து நிஸ்கா. வசந்தத்தில் இது வரும்போது பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுகிறார்கள். தோலுரிக்காமல் மயிர் பிடுங்கின முழு வாத்தை ஒரு கயிற்றில் கட்டி, குறுக்குக் கம்பில் இருந்து நெருப்புக்குப் பக்கத்தில் தொங்க விடுகிறார்கள். நெருப்புக்கு மேல் அல்ல, பக்கத்தில். ஓர் அக்கா, ஐம்பது வயதிருக்கும், தடியால் அதை ஒரு தட்டுத் தட்டுவார். கயிறு முறுக்கேறும்; முறுக்கு முடிந்ததும் தானே எதிர்ப்பக்கம் அவிழும்; மறுபடி முறுக்கும். ஒரு தட்டுக்கு அஞ்சாறு நிமிடம் வாத்து தன்பாட்டில் சுற்றும். சொட்டுகிற கொழுப்பு கீழே சட்டியில் விழும். மூன்று மணித்தியாலம் இப்படி. தோல் பொரிந்து கருஞ்சிவப்பானதும், பனக் ரொட்டியை அந்தக் கொழுப்பில் தோய்த்து முதல் துண்டை மாமாவிடம் நீட்டினார், வயதில் மூத்தவர் என்று. வீட்டில் கொலஸ்டரோல் குளிசை போடுகிறவர் மூன்று துண்டு சாப்பிட்டார். மாமியிடம் சொல்லக்கூடாது என்று வழி முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அடுத்த நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு ரயில். இரண்டரைக்குத் தீவில் இருந்து படகு ஏறினோம். கூண்டுக்குள் ஒரு நேர்ஸ், பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர், நாங்கள். பாதி ஆற்றில் கீழே 'சர்ர்' என்று ஒரு சத்தம். படகோட்டி மோட்டரைத் தூக்கிவிட்டார். மணல்திட்டு.

கம்பை ஊன்றித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. இந்த ரயிலை விட்டால் அடுத்த ரயில் வரை வேறு வழியில்லை, எனக்கோ மறுநாள் மாலை வேலை. படகுக்குள் வேறு யாருக்கும் பதட்டமே இல்லை. நேர்ஸ் தொலைபேசியில் "மணலில் நிற்கிறோம், தண்ணி வந்ததும் வருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். பிள்ளைகள் ஒரு சிப்ஸ் பையை உடைத்தார்கள். ஓட்டி கரையைப் பார்த்துக்கொண்டு சிகரெட் பற்ற வைத்தார்.

நான் மூன்றாம் தடவை மணி பார்த்தபோது மாமா என் கையைப் பிடித்து மடியில் வைத்தார். "வாடை அடிக்குது. கடல் அங்காலதானே? காத்தும் சேர்ந்து தள்ளும். சும்மா இரு."

நெடுந்தீவுக்கு ஓடுகிற குமுதினிப் படகில் ஏறி நடுக்கடலில் எஞ்சின் நின்ற கதையைத் தொடங்கினார். எனக்கு அது மனப்பாடம். ஆனால் இந்தத் தடவை நேர்ஸும் கேட்டுக்கொண்டிருந்ததால் நான் வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. கதையில் வாந்தி எடுத்த சம்மாட்டியார் வருகிற இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்போது மாமா சட்டென்று பேச்சை நிறுத்தி உள்ளங்கையைப் பலகையில் வைத்தார்.

"தம்பி, தூக்குது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓட்டி திரும்பி மாமாவைப் பார்த்தார், சிகரெட்டைத் தண்ணீரில் எறிந்தார், மோட்டரை இறக்கினார்.