பெரோவ்ஸ்கைட் செல்: 20 சதவீதம் வந்த பிறகுதான் வேலையே ஆரம்பம்

பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் செய்யும் சூரிய செல் இது. விழும் ஒளியில் எத்தனை சதவீதத்தை மின்சாரமாக்குகிறது என்பதே அதன் செயல்திறன். 2009-இல் ஜப்பானின் மியாசாகா குழு 3.8 சதவீதத்தில் தொடங்கியது. இன்று ஆய்வக செல்கள் 26-ஐத் தாண்டிவிட்டன. அதனால் 20 சதவீதம் கைக்கெட்டும் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் இதில் இறங்குகிறோம். எட்டவும் எட்டும். அந்த செல் அடுத்த வாரம் உயிரோடு இருக்குமா என்பதுதான் கேள்வி. சென்னையில் ஐப்பசி மழையில் செய்தால் சந்தேகம்தான்.

கண்ணாடி கழுவுவது, டின் ஆக்சைடு பூசுவது, குளோரோபென்சீன் சொட்டுவது எல்லாம் சீனியர்கள் சொன்னபடியே வந்தன. முதல் அடி விழுந்தது கொள்முதல் பிரிவில்.

கொள்முதல் கோரிக்கையான இண்டெண்டில், பெரோவ்ஸ்கைட்டுக்கு மூலப்பொருளான லெட் அயோடைடு 99.99 சதவீதத் தூய்மையில் வேண்டும் என்று எழுதியிருந்தோம். "தம்பி, ரெண்டும் லெட் அயோடைடுதானே? விலை கம்மியா யார் குடுக்கிறாங்களோ அவங்கதான் எல்-1" என்று சொல்லி, 99 சதவீதச் சரக்கை வாங்கிவிட்டார்கள். விலை கூடியதை வாங்கினால் ஆடிட்டில் கேள்வி வருமாம். இரவு முழுக்கச் சூடாக்கிக் கலக்கியும் கரைசல் கலங்கலாகவே நின்றது. ஃபில்டரில் வடிகட்டினால் தெளிவாகும், உண்மை. ஆனால் கரையாத லெட் அயோடைடு ஃபில்டரிலேயே தங்கிவிடுவதால், எடை போட்டு வைத்த விகிதம் காலி. படலம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும். இண்டெண்ட் போடும்போதே தூய்மையைத் தொழில்நுட்பத் தகுதியாக எழுதி, தகுதிக்கு ஒன்று, விலைக்கு ஒன்று என்று இரண்டு உறை முறையில் விலைப்புள்ளி கேளுங்கள். தகுதியில்லாத சரக்கு விலை உறையைப் பிரிப்பதற்கு முன்பே வெளியேறிவிடும்.

அடுத்தது ஸ்பைரோ, பெரோவ்ஸ்கைட்டிலிருந்து நேர்மின்னூட்டத்தை மின்வாய்க்குக் கடத்தும் அடுக்கு. அதில் சேர்க்கும் லித்தியம் உப்பு இல்லாமல் மின்கடத்தல் போதாது. அந்த உப்போ காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். நைட்ரஜன் நிரப்பிய மூடிய பெட்டியான குளவ் பாக்ஸிலேயே வைத்தால் ஆக்சிஜன் இல்லாமல் ஸ்பைரோ சரியாக ஆக்சிஜனேற்றம் ஆகாது, செயல்திறனைத் தீர்மானிக்கும் அளவுகளில் ஒன்றான ஃபில் ஃபேக்டர் படுத்துவிடும். வெளியே வைத்தால் மழைக்காலம். உலர்ந்த காற்றுள்ள மூடிய கலமான டெசிகேட்டர்தான் எங்களுக்கு இருந்த வழி. அதுவும் பொது டெசிகேட்டர் வேண்டவே வேண்டாம்! சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறிக் கிடக்கும், யாரும் மாற்ற மாட்டார்கள். சின்னதாக ஒன்று வாங்கிப் பெயர் எழுதிப் பூட்டி வைத்த பிறகுதான் எங்கள் செல்கள் மறுநாளும் வேலை செய்தன.

செயல்திறனைத் தூக்கிவிட்டது ஃபீனெதில் அம்மோனியம் அயோடைடு. படலத்தின் மேற்பரப்பில் மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். குறைபாடுகள் அடைபட்டு மின்னழுத்தம் நன்றாக ஏறியது. பூசிய பிறகு சூடாக்காதீர்கள். சூடாக்கினால் அது இருபரிமாண அடுக்காக மாறி மின்னோட்டத்துக்குக் குறுக்கே நிற்கலாம். இந்த ஒரு படிதான் சொன்ன பேச்சைக் கேட்டது.

செல்லை நாள்கணக்கில் வெளிச்சத்தில் ஓட்டிப் பார்க்கும் நிலைத்தன்மைச் சோதனையில் வயிற்றெரிச்சல் வேறு விதம். எல்.இ.டி. விளக்கு, செல்லை அதிக மின்திறன் தரும் உச்சப் புள்ளியிலேயே ஓட வைக்கும் டிராக்கர், அதை இயக்கும் கம்ப்யூட்டர் மூன்றுக்கும் யு.பி.எஸ். இணைப்பு கேட்டிருந்தோம். "லைட்டுக்கு எதுக்குங்க யு.பி.எஸ்.?" என்று எலெக்ட்ரிகல் பிரிவில் மறுத்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போய் வந்தது. விளக்கு தானாக எரிந்தது, கம்ப்யூட்டர் எழவில்லை. திங்கள்வரை செல்கள் மின்னோட்டம் எடுக்கப்படாமல் ஓப்பன் சர்க்யூட்டில் வெளிச்சத்தில் கிடந்தன. உச்சத் திறன் புள்ளியில் ஓடும் செல்லைவிட இப்படிக் கிடக்கும் செல் வேகமாகக் கெடும். அந்தத் தொகுதியே வீண். யு.பி.எஸ். கிடைக்காவிட்டால், டிராக்கர் நின்றால் விளக்கும் அணைகிற மாதிரி ஒரு ரிலேயாவது போட்டுவிடுங்கள்.

வெள்ளி மின்வாய் ஓரத்தில் மஞ்சளானால் ஈரம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பெரோவ்ஸ்கைட்டிலிருந்து நகர்ந்து வரும் அயோடின் வெள்ளியைத் தின்றுகொண்டிருக்கும். தங்கத்துக்கு எங்களிடம் பணம் இல்லை. வெள்ளிக்குக் கீழே சில நானோமீட்டர் மாலிப்டினம் ஆக்சைடு போட்டு ஓரளவு சமாளித்தோம். மூடும்போது எபாக்ஸியை நேராக செல்லின் மேல் ஊற்றாமல், மேலே ஒரு கண்ணாடி வைத்து, ஓரத்தில் மட்டும் பியூட்டைல் ரப்பர் ஒட்டினோம்.

இப்போதைய தொகுதி 500 மணி நேரம் கடந்தும் தொடக்கத் திறனில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. கட்டுரையை அனுப்பினால், 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்தில் சோதித்தீர்களா என்று மதிப்பீட்டாளர் கேட்கிறார். அந்த சேம்பர் வேறொரு துறையில் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தாயிற்று, துறைத்தலைவர் கையெழுத்து ஒரிஜினலில்தான் வேண்டுமாம், ஸ்கேன் செல்லாதாம்.