எருமைக் கொம்புக் கைப்பிடி: மூணாவது தடவையில் உட்கார்ந்துவிட்டது

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு என் சுடாத மாதிரித் துப்பாக்கியின் வலது பக்கக் கைப்பிடித் தகடு பிரேமில் (துப்பாக்கியின் உலோக உடலில்) அப்படியே உட்கார்ந்தது. மேல் விளிம்பில் ஒரு பஸ் டிக்கெட்டை நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. ஏழு மாதமாக இதற்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

துப்பாக்கி, மாதிரிகள் சேர்க்கிற நம்ம ஆட்களுக்குத் தெரிந்ததுதான். 1873 கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, அமெரிக்க ரிவால்வர், ஐந்தரை அங்குலக் குழல், துத்தநாகக் கலவையில் வார்த்த சுடாத மாதிரி. குழலில் துளையே கிடையாது. சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற ஒருவர் கடையைக் காலி செய்தபோது வாங்கினேன், என்னிடம் இது நாலாவது. ஏழரை அங்குலமும் நாலேமுக்கால் அங்குலமும் ஏற்கெனவே இருந்தன, நடுவில் இந்த அளவு இல்லாமல் அலமாரி நிறைவாகவே தெரியவில்லை. சிலிண்டர் சுற்றுகிறது, ஹேமரை, அதாவது பின்பக்கச் சுத்தியலை, கட்டைவிரலால் இழுத்தால் நிற்கிறது. ஆனால் அசல் கோல்ட்டில் கேட்கும் நாலு க்ளிக் இதில் இல்லை, இரண்டுதான்.

பார்க்கச் சகிக்காதது கைப்பிடி. பழுப்பு பிளாஸ்டிக், அதில் மரத்து ரேகை மாதிரி அச்சு வேறு. ராணுவத்துக்குப் போன கோல்ட்டுகளில் ஒரே துண்டாக வால்நட் மரக் கைப்பிடி இருந்தது. 1880களில்தான் கறுப்பு ரப்பரில் இரண்டு தகடாக, நடுவில் ஒரு ஸ்க்ரூ போட்டு வர ஆரம்பித்தது. என் மாதிரியின் பிரேமும் இரண்டு தகடு வகை. அப்படியானால் கறுப்புதான் பொருத்தம், கறுப்பு என்றால் நம் ஊரில் எருமைக் கொம்பைவிட நல்ல சரக்கு எது? 1916இல் அமெரிக்க ஜெனரல் பேட்டன் வாங்கிய கோல்ட்டில் தந்தக் கைப்பிடி. அந்த ஆசையே வேண்டாம், தந்தமும் மான் கொம்பும் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகின்றன. சந்தையில் ஒருவர் மான் கொம்பு இருக்கிறது என்று ரகசியமாகச் சொன்னார், அந்தப் பேச்சே வேண்டாம் என்று வந்துவிட்டேன். மானாக உதிர்த்த கொம்பு என்றாலும் விற்கவோ வாங்கவோ கூடாது, இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இதில் கறாராக இருக்க வேண்டும்.

கொம்பு அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், கிடைத்தது. பல வருசத்துக்கு முன்னால் இறந்த எருமையுடையது, தாழ்வாரத்து விட்டத்தில் செருகி வைத்திருந்தார். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஏங்கண்ணு, அது சுடுமா?" என்றார். "சுடாதுங்க அப்புச்சி, அழகுக்கு வெக்கிறது" என்றேன். "அப்ப செரி" என்று தண்ணி கட்டப் போய்விட்டார்.

முதல் ஜோடியைக் கேஸ் அடுப்புத் தீயில் நேராகக் காட்டி நிமிர்த்தப் பார்த்தேன். முடி கருகும் நாற்றம் அடித்தது, ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. கொம்பும் முடியும் நகமும் ஒரே சரக்கு, தீயைத் தாங்காது. இரண்டாவது ஜோடியைக் கொதிநீரில் போட்டு மென்மையாக்கி வைஸில் இறுக்கி, மறுநாளே அரத்தை எடுத்துவிட்டேன். வைகாசியில் முடித்தேன், கச்சிதமாக இருந்தது. ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம் பக்கம் வீச ஆரம்பித்தது. மூன்றே வாரத்தில் தகடு கிண்ணம் மாதிரி குழிந்து, பின்பக்கம் வெளிச்சம் தெரிந்தது. கொம்பு தன் பழைய வளைவை மறப்பதில்லை, அதோடு ஈரம் காயாத கொம்பில் அரம் வைத்தது என் தப்பு.

மூன்றாவது தடவை நிதானமாகச் செய்தேன். நுனிக்குக் கொஞ்சம் கீழே, சுவர் எட்டு மில்லிமீட்டர் கனம் இருக்கும் இடத்தில், அடுத்தடுத்து இரண்டு துண்டு வெட்டினேன். நாற்பது நிமிடம் கொதிக்கவைத்து, பத்து மில்லி அலுமினியத் தகடு இரண்டுக்கு நடுவில் வைத்து ஜி கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடி) போட்டு, ஒவ்வொரு நாளும் கால் சுற்று இறுக்கினேன். இருபத்தைந்து நாள் அரத்தைத் தொடவே இல்லை. இதில் இடது துண்டில் மட்டும் லேசான முறுக்கு மிச்சமிருந்தது, அதை மறுபடி கொதிக்கவைத்துக் கிளாம்ப்பில் போட்டாயிற்று.

அப்புறம்தான் உண்மையான வேலை. கைப்பிடியின் மேல் விளிம்பு பிரேமின் வளைந்த தோளோடு முட்டும் இடம் இருக்கிறதே, அங்கே கால் மில்லி இடைவெளி இருந்தாலும் கண்ணில் உறுத்தும். எங்கே இடிக்கிறது என்று பார்க்க கோவையில் பிட்டர்கள் மார்க்கிங் புளூ என்ற நீலச் சாயம் தடவுவார்கள், கறுப்புக் கொம்பில் அது தெரியாது. விளக்குக் கரியும் அப்படித்தான். இரண்டு நாள் யோசித்த பிறகு அம்மாயியின் (அம்மாவின் அம்மா) வெற்றிலைப் பெட்டி கண்ணில் பட்டது. சுண்ணாம்பை விரல் நுனியில் தொட்டு, பிரேமின் தோளில் மெல்லிசாகப் பூசி, தகட்டை அழுத்தி எடுத்தால் இடிக்கிற இடத்தில் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் ஊசி அரத்தால் இரண்டு இழுப்பு, திரும்பப் பூசு, திரும்ப அழுத்து. முதலில் இரண்டே புள்ளி, அப்புறம் ஐந்து, பத்து, கடைசியில் விளிம்பு முழுக்க வெள்ளைக் கோடாக வரும்போது முடிந்தது என்று அர்த்தம். பதினான்கு தடவை ஆயிற்று. ஒன்று கவனியுங்கள், சுண்ணாம்பு துத்தநாகத்தைக் கறையாக்கும், ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

ஸ்க்ரூ தலை உட்கார ஒரு சின்னப் பித்தளை புஷ் (துளைக்குள் செருகும் வளையம்) தேவைப்பட்டது. ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் அட்டையில் வரைந்த அளவை மட்டும் கொடுத்தேன். துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியே எடுப்பதே இல்லை, பார்க்கிறவருக்கு அசலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு புஷ், தலைக்கு அறுபது ரூபாய், அருமையான வேலை. துளை போடும்போது டிரில்லை மெதுவாகச் சுற்றுங்கள், வேகம் கூடினால் திரும்பவும் கருகல் நாற்றம்தான்.

பாலிஷுக்கு உப்புத்தாள் 220இல் தொடங்கி 400, 800, 1500, தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கடைசியில் திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் மெட்டல் பாலிஷ் தொட்டு அரை மணி நேரம், மேலே ஒரு துளி காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய். வெயிலில் பிடித்தால் கறுப்புக்குள்ளே ஒரு தேன் நிறக் கீற்று ஓடுகிறது. அசல் ரப்பர் கைப்பிடியில் இந்த அழகு கிடையாது, அடித்துச் சொல்வேன்.

அடுத்து பிரேமின் நிறம். அசலில் எலும்புக்கரியோடு பெட்டியில் அடைத்துச் சூடேற்றித் தண்ணீரில் போடுவார்கள், நீலமும் பழுப்பும் சாம்பலுமாக மேகம் மாதிரி படியும். துத்தநாகக் கலவை 400 டிகிரிக்கு முன்னாலேயே உருகிவிடும், அந்த வழி நமக்கு இல்லை. நிறம் கலந்த லாக்கரை (வார்னிஷ் மாதிரியான பூச்சு) பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், ஒரு உடைந்த ட்ரிகர் கார்டில் (விசையைச் சுற்றியிருக்கும் வளையம்) சோதனை ஆரம்பித்தாயிற்று. நீலம் வருகிறது, பழுப்புதான் சிவப்படிக்கிறது. யாராவது இதைச் செய்திருந்தால் எந்த லாக்கர் என்று சொல்லுங்கள்.

இடது தகடு கிளாம்ப்பில் இருக்கிறது. திறக்க இன்னும் ஒன்பது நாள்.